காட்டுப்புகை என்றால் கரி மட்டுமா?

ஓலைக்கூரை அடுக்களையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மழைக்குக் கூரை ஒழுகினால் சொட்டும் தண்ணீர் கறுப்பாக இருக்காது. கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத டீயின் நிறத்தில் இருக்கும். வெள்ளைச் சட்டையில் பட்டால் சோப்புக்கும் மசியாது. விறகுப்புகையின் அந்தப் பழுப்புச் சரக்குதான் காட்டுத்தீப் புகையிலும் வருகிறது. ஆய்வாளர்கள் சொல்லும் பெயர் பிரவுன் கார்பன், அதாவது பழுப்புக் கரிமம்.

புகையில் வெளிச்சத்தை விழுங்குவது கரி மட்டும்தான் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கரி எல்லா நிறத்தையும் விழுங்கும், அதனால் கறுப்பு. பழுப்புக் கரிமம் புற ஊதாவையும் நீலத்தையும் பிடித்துக்கொண்டு சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். 880 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியில் மட்டும் அளந்தால் கரிதான் தெரியும். 370 நானோமீட்டர் புற ஊதாவிலும் அளந்து ஒப்பிட்டால் பழுப்புக் கரிமம் மாட்டும்.

அதைவிடப் பெரிய தவறு, தழல் அடங்கியதும் தீ முடிந்தது என்று திரும்பிவிடுவது. மாசி, பங்குனியில் குமரி மாவட்டத்து வேளிமலைப் பக்கம் தீப்பிடித்தால், ராத்திரியில் சிவப்புக் கோடு தெரியும்வரைதான் ஊரில் பேச்சு. ஆனால் கொழுந்துவிட்டு எரியும்போது சூட்டில் பெரும்பகுதி எரிந்துபோகும், புகையில் கரி மிஞ்சும். கட்டையும் சருகும் தழலில்லாமல் புகைந்து கனியும்போது அந்தச் சூடு இல்லை. மரச்சத்து அரைகுறையாகச் சிதைந்து ஆவியாகி, வெளிக்காற்றில் ஆறியதும் நுண்துகளாக உறையும். தாரைப் போன்ற குட்டி உருண்டைகளும் அதில் இருக்கும். ராத்திரி மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும்போது, இந்தப் புகையும் அடிவார வீடுகளுக்கு வந்து சேரும். ரப்பர் தோட்டத்தில் சருகைக் குவித்து, மேலே பச்சை இலையைப் போட்டு மூட்டம் போடுகிறோமே, அதுவும் இதே வேலைதான்.

'வெள்ளைப்புகைதானே, வெறும் நீராவி' என்பார்கள். அதே புகை மலையின் பின்னணியில் நீலவெள்ளையாகவும், சாயும் சூரியனுக்கு எதிரே பழுப்பாகவும் தெரியும். வெறும் கண்ணை நம்பாதீர்கள். அதற்காகச் சிவந்த சூரியனைப் பார்த்ததும் பழி முழுவதையும் பழுப்புக் கரிமத்தின் மேல் போடவும் வேண்டாம். நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடித்தாலும் சூரியன் சிவக்கும்.

புகையின் பழுப்பு நிறம் அப்படியே நிற்கும் என்பதும் சரியில்லை. வெயிலிலும் காற்றிலுள்ள வேதிப்பொருள்களாலும் ஓரிரு நாளில் பெரும்பாலும் வெளுத்துவிடும், கொஞ்சம் தங்கும். நிறம் போனதால் துகள் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அப்புறம் இந்தத் தோர்த்து, அதாவது துண்டு விஷயம். மூக்கைச் சுற்றித் தோர்த்தைக் கட்டிக்கொண்டு தீயணைக்கப் போகிறோம். இந்தத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே; துணியின் இழைகளுக்கு நடுவே சாவகாசமாக நுழைந்துவிடும், நனைத்துக் கட்டினாலும்தான். முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். தாடி வைத்திருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது.