முடக்குவாதமும் மனச்சோர்வும்: எனக்கு எது உதவியது

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கு மருந்து ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, இஎஸ்ஆர் அளவுகள் இரண்டும் இறங்கியிருந்தன, வீக்கமும் பெரும்பாலும் வடிந்துவிட்டது. ஆனாலும் காலையில் சட்டைப் பொத்தான் போட விரல் மடங்காதபோது அழுகை முட்டும். தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பும் இல்லை.

இதையும் மூட்டு மருத்துவரிடம் சொன்னேன். பிஎச்க்யூ-9 என்ற 9 கேள்விகள் கொண்ட தாளை நிரப்பச் சொன்னார்; மனச்சோர்வு என்று தெரிந்தது. முடக்குவாதத்தின் தீவிரத்தை அளக்கும் டாஸ்-28 கணக்கில், எப்படி இருக்கிறோம் என்று நாமே போடும் மதிப்பெண்ணும் சேருமாம். மனம் சோர்ந்திருந்தால் அந்த எண் ஏறி, மருந்து வேலை செய்யாதது போலக் காட்டும். நல்லவேளை, வேறு மருந்துக்கு மாறும் முன்பே இது தெரிந்தது.

அப்புறம், ஸ்டீராய்டு மாத்திரையை அவர் சொன்னபடி காலையிலேயே போட்டுக்கொண்டேன்; தாமதமாகப் போட்டால் தூக்கம் கெடலாம். மனநல ஆலோசகரிடம் சிபிடி எனும் பேச்சு சிகிச்சையும் தொடங்கினேன். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் படுத்துவிடும் பழக்கம் அதில்தான் போனது. இப்போது முடிகிற நாளிலும் பாதியில் நிறுத்திவிடுவேன். மடிக்காத துணி கிடக்கும். சரி, கிடக்கட்டும்!

வலி முழுசாகப் போகவில்லை, தூக்கம் வந்துவிட்டது. ஸ்டீராய்டை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.