முதல் குளிர்காலம், முதல் ஆர்வி

"ஆர்வி ஒன்று எடுத்துக்கொண்டு ஜனவரியில அல்கொங்குயின் பக்கம் போகலாமோ அண்ணை?" என்று, கனடாவுக்கு வந்து இரண்டு வருடமும் ஆகாத ஒரு தம்பி கேட்டார். ஆர்வி என்றால் உள்ளேயே படுத்துச் சமைக்கக்கூடிய வீட்டு வண்டி. தாராளமாகப் போகலாம். ஆனால் கோடையில் ஓட்டிய அதே வண்டி குளிரில் வேறொரு வண்டி. ஜூலையில் ஒரு சாமான் பழுதானால் அது மட்டும்தான் பழுது. மைனஸ் 20 பாகையில் மின்சாரம் போனால் பற்றறி போகும், பற்றறி போனால் ஃபேர்னஸ் (வண்டியைச் சூடாக்கும் காஸ் கருவி) போகும், ஃபேர்னஸ் போனால் தண்ணீர்க் குழாய் போகும். எங்களுக்கு இந்த வரிசையிலேயே எல்லாம் போனது.

இடம் மியூ லேக். அல்கொங்குயின் பூங்காவுக்குள் நெடுஞ்சாலை 60இல், மேற்கு வாசலில் இருந்து சுமார் 30 கிலோமீற்றர். ஒன்ராறியோவில் குளிர்காலத்திலும் திறந்திருக்கும் முகாம்கள் குறைவு; புதிதாகப் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மின் இணைப்புள்ள இடங்கள் உண்டு, சூடாக்கிய கழிப்பறையும் குளியலறையும் உண்டு. ஒன்ராறியோ பூங்காக்களில் முகாம் இடங்களை ஐந்து மாதம் முன்னரே பதியலாம். வார இறுதிக்கு வேண்டுமென்றால் அப்போதே பதிந்துவிடுங்கள்.

முதல் இரவு. சின்ன மின் ஹீற்றர் ஓடுகிறது, மின் பானையில் சோறு, பக்கத்தில் தேத்தண்ணிக்குக் கேத்தல். ஹீற்றர் 1500 வாற்ஸ், அதாவது 120 வோல்ற்றில் 12.5 அம்பியர். கேத்தலும் அதே அளவு. சோற்றுப் பானை ஆறு அம்பியர் என்று வையுங்கள். கூட்டினால் 31. வெளியே கம்பத்தில் இருந்த பிரேக்கரோ 30. அது சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. உள்ளே பல்ப்புகள் 12 வோல்ற்றில், பற்றறியில் எரிவதால் வெளிச்சம் போகவில்லை. கேத்தல் தானாக நின்றது, தண்ணீர் கொதித்துவிட்டது என்று நினைத்தோம். மைக்ரோவேவின் மணிக்கூடு இருண்டு கிடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஃபேர்னஸ் எரிவது புரோப்பேனில்தான். ஆனால் சூட்டை ஊதித் தள்ளும் விசிறிக்குப் பற்றறி வேண்டும், அது ஏழெட்டு அம்பியர் குடிக்கும். விடிய மூன்று மணிக்கு அந்த விசிறியின் சத்தம் மாறியது, களைத்த மாடு மூச்சு விடுவதுபோல. மனைவி எழுப்பினார்: "இஞ்சருங்கோ, இதுக்குள்ளால குளிர் காத்தெல்லோ வருது." வோல்ற்றேஜ் இறங்கினால் விசிறி மெதுவாகச் சுற்றும், போதிய காற்று ஓடாவிட்டால் பாதுகாப்புக்காக நெருப்பே பற்றாது. குளிர்காற்றை மட்டும் ஊதிக்கொண்டு மிச்சப் பற்றறியையும் தின்னும். பிரேக்கரைத் தூக்கிவிட்டு, போர்வைக்குள் பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொண்டு விடியும்வரை இருந்தோம்.

காலையில் சிங்குக்குக் கீழே எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. உறைந்த குழாய் ஒழுகாது, உருகும்போதுதான் ஒழுகும். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். பிளாஸ்ரிக் குழாய் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், வளைவில் இருக்கும் பொருத்து கொடுக்காது. மத்தியானம் வெளிச்சுவரோடு ஒட்டியிருந்த ஒரு முழங்கைப் பொருத்து பிளந்து, அலுமாரிக்குள் இருந்த அரிசிப் பை முழுக்க ஈரம்.

ஆகவே முதல் குளிர்காலத்தில் குழாய்க்குள் தண்ணீரே விடாதீர்கள். வண்டியைக் குளிர்காலத்துக்கு மூடிவைப்பதுபோலவே தயார் செய்துகொண்டு போங்கள். தாங்கிகளை வடியுங்கள். வெந்நீர்த் தாங்கி ஆறிய பிறகு, அழுத்தத்தை எடுத்துவிட்டு அதையும் வடித்து, பைபாஸ் வால்வைத் திருப்புங்கள். திருப்பாவிட்டால் விலை கொடுத்து வாங்கிய அன்ரிஃப்ரீஸ் இருபத்துச் சொச்சம் லீற்றர் அந்தத் தாங்கிக்குள்ளேயே போய்விடும். பிறகு ஆர்விக்கென்று விற்கும் இளஞ்சிவப்பு அன்ரிஃப்ரீஸைப் பம்பால் இழுத்து, ஒவ்வொரு பைப்பிலும் சிவப்பாக வரும்வரை திறந்துவிடுங்கள், சூடு, குளிர் இரண்டும். ரொய்லெட்டையும் ஷவரையும் மறக்கவேண்டாம். சிங்குக்கடியில் உள்ள வளைவிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: கார் எஞ்சினுக்கு ஊற்றும் அன்ரிஃப்ரீஸ் பொதுவாக எத்திலீன் கிளைக்கோல், அது நஞ்சு. குடிதண்ணீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது. ஆர்விக்கானது பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கோல்.

குடிக்கவும் சமைக்கவும் 20 லீற்றர் கலன்கள் இரண்டை உள்ளே, படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். குளிக்க முகாமின் குளியலறை இருக்கிறது. இரவில் அவசரத்துக்கு ரொய்லெட் வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பதில் அதே சிவப்பு அன்ரிஃப்ரீஸைக் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள். கழிவை வெளியேற்றும் இடம் குளிர்காலத்தில் பல முகாம்களில் பூட்டு, பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

இனி காஸ். ஃபேர்னஸ் மணித்தியாலத்துக்கு 30,000 பீரீயூ (BTU, வெப்ப அளவு) என்றால் விட்டுவிடாமல் எரிந்தால் 20 இறாத்தல் புரோப்பேன் 14 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அது விட்டுவிட்டுத்தான் எரியும் என்றாலும், காற்றடிக்கும் மைனஸ் 25 இரவில் பெரிதாக ஓய்வெடுக்காது. சி ரக ஆர்விகளில் (லொறிச் சட்டத்தில் கட்டிய, தானே ஓடும் வகை) தாங்கி பெரும்பாலும் வண்டியின் அடியிலேயே பொருத்தியிருக்கும், கழற்றி மாற்ற முடியாது. காட்டுக்குள் காஸ் முடிந்தால் வண்டியையே எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஆகவே மேற்கு வாசலுக்கு முன் வரும் ஹன்ற்ஸ்வில் ஊரில் நிரப்பிக்கொண்டு உள்ளே போங்கள். தாங்கியில் 80 வீதத்துக்கு மேல் நிரப்பமாட்டார்கள், அதைக் குறை சொல்லிச் சண்டை பிடிக்காதீர்கள்.

சீனக் கடையில் வாங்கும் கசெற் அடுப்பை எங்கடை சனம் எல்லா இடமும் கொண்டுபோகும். அதற்குள் இருப்பது பியூட்டேன். பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போனாலே அது ஆவியாகாது, வெளியே வைத்துத் தட்டினாலும் உலுக்கினாலும் பற்றாது. புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். வெளிச் சமையலுக்குப் புரோப்பேன் அடுப்பையே கொண்டுபோங்கள்.

பற்றறி ஈய அமில வகையென்றால் முழுச் சார்ஜில் வைத்திருங்கள். நிறைந்த பற்றறி இங்குள்ள குளிரில் உறையாது. காலியானது மைனஸ் 10 வருவதற்கு முன்னரே உறைந்து வெடித்துவிடலாம். லிதியம் என்றால் வேறு கதை: பூச்சியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. வாடகை வண்டியில் எது இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். ஒப்பந்தத்தில் குழாய் உறைந்தால் செலவு யாருடையது என்ற வரியையும் தேடிப் படியுங்கள். பல இடங்களில் குளிர்காலத்தில் ஆர்வியே கொடுப்பதில்லை. கொடுக்கிற இடங்களிலும் முழு ஜி உரிமம் (ஒன்ராறியோவின் கடைசிக் கட்டக் கார் சாரதி உரிமம்) கேட்பதுண்டு.

உள்ளே ஈரம் ஒரு தனித் தலையிடி. நாலு பேர் மூடிய பெட்டிக்குள் படுத்து மூச்சு விட்டாலே விடிய ஜன்னல் உட்பக்கம் ஐஸ் பிடித்திருக்கும். காஸ் அடுப்பும் தண்ணீரைத் தருகிறது: ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி. அதற்கு மேல் புட்டும் அவித்தால் சுவரெல்லாம் வடியும். புட்டு, இடியப்பம், கறிகள் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து, பொதி பொதியாக உறைய வைத்துக் கொண்டுபோங்கள். தோசை மா புளிக்காது, முயற்சி வேண்டாம். தேங்காயெண்ணெய் கல்லாக இருக்கும். ஜன்னலுக்கு வெள்ளிநிறக் குமிழித் தாளை அளவாக வெட்டிச் செருகுங்கள்; ஆனால் கூரையில் உள்ள காற்றுப்போக்கியை ஒரு விரல் அளவுக்குத் திறந்தே வையுங்கள். சூட்டைக் காசு கொடுத்து வெளியே விடுவதா என்று மனம் கேட்காது. ஆனால் திறக்காவிட்டால் மெத்தைக்கடியில் பூஞ்சணம்.

காபன் மொனொக்சைட் அலாரத்தைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், காலாவதித் திகதி அதில் இருக்கும். கடந்திருந்தால் புதிது போடாமல் ஒரு இரவும் படுக்காதீர்கள். ஃபேர்னஸின் புகை வெளியேறும் துளையை ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் துடையுங்கள். பார்பிகியூவையோ கரியையோ சூட்டுக்காக உள்ளே கொண்டுவருவது சாவைக் கூப்பிடுவது. இதில் நான் யாருடனும் விவாதிப்பதில்லை.

வண்டியின் வெளிப்பக்கம் பற்றிச் சுருக்கமாக. 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயர் இறுகிவிடும். மலையும் பனித்துகளும் போட்ட அடையாளமுள்ள ரயர்தான் வேண்டும். நிறுத்தியதும் ஜாக்கிகளுக்கும் சில்லுகளுக்கும் அடியில் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் நிலத்தோடு உறைந்து நிற்கும். வண்டியின் பக்கத்தால் வெளியே தள்ளி விரிக்கும் அறை (ஸ்லைட்-அவுட்) இருந்தால், முடிந்தவரை அதைத் தள்ளாதீர்கள். தள்ளினால், உள்ளே இழுக்க முன் மேலே உள்ள பனியைக் கூட்டுங்கள். போகிற அன்று ஒன்ராறியோ 511 இணையத்தளத்தில் வீதி நிலைமையைப் பாருங்கள். காற்றோடு சேர்த்துச் சொல்லும் குளிர் எண்ணைப் பார்த்துக் குழாய்க்குப் பயப்படவேண்டாம். அது மனிதத் தோலுக்கான கணக்கு. ஆனால் காற்று வண்டியின் அடிப்பக்கச் சூட்டை வேகமாகக் கொண்டுபோகும் என்பது உண்மை, அதனால் காற்றை மறைக்கும் மரங்களுள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

சாப்பாட்டை வெளி மேசையில் விட்டுவைக்காதீர்கள். கரடிகள் குகைக்குள்தான், ஆனால் மியூ லேக்கில் மார்ற்றின் என்று ஒரு பிராணி உண்டு, பூனையளவு, மண்ணிற உடம்பு, கள்ளத்தனமான முகம். எங்கள் கட்டைச்சம்பல் டப்பாவை அது இழுத்துக்கொண்டு போனது. உறைப்பு பிடிக்கவில்லையோ தெரியாது, ஐம்பது அடி தள்ளிப் பனிக்குள் விட்டுவிட்டுப் போயிருந்தது.

திரும்பி வந்ததும், பூச்சியத்துக்கு மேல் ஏறும் முதல் நாள் பார்த்து, வண்டியின் அடிப்பக்கம் கழுவுங்கள். வீதி உப்பு மார்ச் வரை அங்கேயே இருந்தால் பிரேக் லைனைத் தின்றுவிடும். கழுவிய தண்ணீர் பூட்டுகளுக்குள் உறையாமல் கதவுகளைத் திறந்து துடைத்துவிட்டு நிறுத்துங்கள்.