நாடகம் பார்க்க மாணவர்களை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 38 பேரை கோலாலம்பூரில் ஓர் அரங்குக்கு நாடகம் பார்க்க அழைத்துப் போயிருந்தேன். ஆளுக்கொரு பயிற்றித்தாளும் பென்சிலும் கொடுத்திருந்தேன். தாளில் 12 கேள்விகள். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, மேடை வெளிச்சம் மடியில் விழும்படி தாளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் மேடையில் ஒரு கிழவி, மகன் விட்டுப்போன செருப்பை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அரங்கம் முழுக்க அடங்கிப்போனது. பிள்ளை நிமிர்ந்து பார்த்தபோது விளக்கு அணைந்துவிட்டது. பயிற்றியில் அவளுக்கு 12க்கு 12. அந்தக் காட்சியை அவள் பார்க்கவே இல்லை. அவளைப் பார்க்கவிடாமல் செய்தவள் நான்தான்.

அரங்குக்குள் பயிற்றித்தாள் வேண்டாம். எழுத வேண்டியதை மறுநாள் வகுப்பில் எழுதலாம்.

இந்தத் தவறின் வேர் எங்கே இருக்கிறது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த பயிற்சியில்தான் இருந்தது. லடாப் எனப்படும் ஆசிரியர்களுக்கான பணிக்காலப் பயிற்சி நேரத்தைக் கணக்குக் காட்ட ஒரு மதியம் ஒதுக்குவார்கள். ‘கற்றல் கற்பித்தலில் நாடகம்’ என்று திரையில் 40 ஸ்லைடுகள் ஓடும். நாற்காலியை விட்டு யாரும் எழுவதில்லை. கடைசியில் குழுப் படம், ஒரு பக்க அறிக்கை, தேநீர். நீச்சலைக் கரும்பலகையில் வரைந்து காட்டி ஆற்றில் இறங்கச் சொல்வதைப் போன்றது இது.

இப்போது நான் நடத்தும் பட்டறைகளில் முதல் பத்து நிமிடத்திலேயே ஆசிரியர்களை எழுப்பி நிற்கவைத்துவிடுவேன். நான்கு பேருக்கு ஒரே வரி: ‘தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோகும் நாள்.’ பேச்சு கிடையாது. அரை நிமிடத்துக்குள் அசையாத படமாக நிற்க வேண்டும். ஒரு முறை, இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர் கதவைப் பூட்டுவது போல் கையை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அப்படியே நின்றார். முடிந்ததும் சொன்னார்: “கைய எங்க வைக்கிறதுன்னே தெரியலங்க. பிள்ளைங்கள நான் எத்தன தடவ சட்டுனு வந்து நில்லுன்னு சொல்லியிருக்கேன்.” அந்தக் கூச்சத்தை உடம்பால் உணர்ந்தவருக்குத்தான் ஒரு கூச்ச சுபாவமுள்ள மாணவனை மேடைக்கு எப்படி அழைப்பது என்று தெரியும்.

ஆசிரியரே பாத்திரமாக மாறி வகுப்பை நடத்தும் முறையைப் பிரிட்டனைச் சேர்ந்த டோரத்தி ஹீத்கோட் வளர்த்தெடுத்தார். இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. தனக்கு நன்றாக நடிக்கத் தெரிய வேண்டும், வேடம் போட வேண்டும், குரலை மாற்ற வேண்டும் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். தோளில் ஒரு துண்டு போதும். துண்டைப் போட்டால் நீங்கள் கங்காணி, மாணவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். “நாளையிலேர்ந்து கூலியில அஞ்சு காசு குறையும்” என்று சொல்லிவிட்டு அமைதியாக நில்லுங்கள். அவர்கள் பேசத் தொடங்குவார்கள். துண்டை எடுத்துவிட்டால் மறுபடியும் டீச்சர். இந்த அடையாளத்தை முன்கூட்டியே சொல்லிவைக்க மறந்தால் சின்னப் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள், சிலர் பயந்தும் போவார்கள்.

நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நடக்கும் தவறுகளைப் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பிலேயே தவிர்த்துவிடலாம். எவ்வளவு நேரம் ஓடும், இடைவேளை உண்டா, எந்த வயதுக்கானது, திடீர் இருட்டோ பெரும் சத்தமோ வருமா, தமிழோடு மலாயும் ஆங்கிலமும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று குழுவிடம் கேளுங்கள். முடிந்தால் ஒத்திகையை நீங்களே போய்ப் பாருங்கள். சுவரொட்டியை மட்டும் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள்.

அரங்கமும் பாடத்தில் சேர்த்திதான். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். செந்தூலில் 2005இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் மேடைக்கலை மையம், பழைய ரயில்வே கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து உருவானது. செந்தூல் ரயில் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் உழைத்திருக்கிறார்கள். போவதற்கு முந்தின நாள் இதைச் சொல்லி, “வீட்டுல கேட்டுட்டு வாங்க, நம்ம குடும்பத்துல யாராவது ரயில்வேல வேல செஞ்சாங்களா?” என்று அனுப்பிப் பாருங்கள். வாசலில் நுழையும்போதே அந்தப் பிள்ளைகளின் கண் செங்கல் சுவரில் இருக்கும்.

கதையை எவ்வளவு சொல்லலாம்? புராண நாடகம் என்றால் யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லிவிடுங்கள். பழக்கமில்லாத பெயர்களில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். புதிய நாடகமாக இருந்தால் முடிவை மட்டும் சொல்லாதீர்கள்.

பேருந்தில் நாம் வழக்கமாகச் சொல்வது ஒன்று இருக்கிறது: “உள்ள போனா மூச்சு விடக்கூடாது.” அதைச் சொல்ல வேண்டாம். திரையிலும் கைப்பேசியிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு, மேடையில் நிற்பவருக்கும் தங்கள் குரல் கேட்கும் என்பது தெரியாது. அதைச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் சிரித்தால் நடிகர் அடுத்த வசனத்துக்கு முன் ஒரு கணம் நிற்பார். நீங்கள் பக்கத்தில் இருப்பவனோடு பேசினால் அவருக்குக் கவனம் சிதறும். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து இசை நாடகங்களில் பாட்டு பிடித்துவிட்டால் கூட்டம் “ஒன்ஸ் மோர்” கேட்கும், நடிகர் மறுபடி பாடுவார். பார்ப்பவரும் நாடகத்தில் பங்குள்ளவர்தான் என்று புரிந்த பிள்ளைகளை அதட்ட வேண்டிய தேவையே வருவதில்லை.

“பேருந்துக்குச் செலவு எதற்கு, வீடியோ காட்டினால் போதாதா?” என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் சில மாணவர்களை நாடகத்துக்கு அனுப்பி, வாய்ப்புக் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டு 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நேரில் பார்த்தவர்களுக்குக் கதையும் சொற்களும் கூடுதலாக நினைவிருந்தன. பிறர் முகத்தில் உணர்வைப் படிக்கும் திறனும் கூடியிருந்தது. கூட்டத்துக்குப் போகும்போது இதைக் கையில் வைத்திருங்கள். அப்படியே, நன்றாகப் படிக்கும் மாணவர்களை மட்டும் பரிசுபோல் அழைத்துப் போகும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்குத்தான் மேடை அதிகம் தரும்.

நாடகம் முடிந்த பிறகு செய்யும் தவறுதான் என்னை மிகவும் வருத்துகிறது. விளக்கு எரிந்ததும், “சரி, இந்த நாடகம் உணர்த்தும் நீதி என்ன?” என்று கேட்டுவிடுகிறோம். பிள்ளைகளுக்கு நம் மனத்தில் உள்ள பதில் தெரியும். “பெற்றோரை மதிக்க வேண்டும், டீச்சர்.” பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பதில், “எதப் பாத்தீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து வினாடி மௌனத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு இது எளிதல்ல, பட்டறையில் இதற்கே தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். ஒரு முறை அப்படிக் காத்திருந்தபோது, வகுப்பில் வாயே திறக்காத பையன் சொன்னான்: “அந்தத் தாத்தா தண்ணி ஊத்துறப்ப கை நடுங்குச்சு. பொய் சொல்றப்ப மட்டும் நடுங்கல.” அந்த வசனத்தைப் பொய் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. அடுத்த ஒரு மணி நேரம் வகுப்பு அதைச் சுற்றியே ஓடியது.

இங்கே கவனமும் தேவை. குடி, கடன், அடி என்று வீட்டில் நடப்பதை மேடையில் பார்த்த பிள்ளை உடைந்துபோகலாம். பிரேசில் நாட்டு ஆகுஸ்தோ போவால் உருவாக்கிய மன்ற நாடக முறையில், பார்வையாளர் எழுந்து வந்து ஒரு பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துக் காட்டலாம். அருமையான முறை. ஆனால் “உன் வீட்டுல என்ன நடக்குதுன்னு நடிச்சுக் காட்டு” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். வேறு பெயர், வேறு ஊர், வேறு குடும்பம் என்று ஒரு படி தள்ளி வையுங்கள். பள்ளியின் ஆலோசக ஆசிரியருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள்.

கடைசியாகப் பேருந்து. நாடகம் முடியும் நேரத்துக்கே வாசலில் நிற்கச் சொல்லிவிட்டால், பிள்ளைகள் கைதட்டி முடிப்பதற்குள் வரிசையில் நிறுத்தி எண்ணத் தொடங்கிவிடுவோம். ஓட்டுநரை அரை மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். நடிகர்கள் ஒப்பனையைக் கலைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வெளியே வர முடியுமா என்று குழுவிடம் முன்பே கேட்டு வையுங்கள், பெரும்பாலும் வருவார்கள்.