கனரக பிக்கப் வண்டிக்கு ரிம்மும் டயரும் தேர்ந்தெடுக்கும் முறை

கனரக பிக்கப்புக்குப் புது ரிம் வாங்க நினைப்பவர்களில் பலர் தோற்றத்தைப் பார்த்து ரிம்மை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் டயரைப் பிறகு தேடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். பின் அச்சில் இறங்கும் எடையை முதலில் அறிந்து, அதைத் தாங்கும் டயரைத் தீர்மானித்த பின்னரே ரிம்மைத் தேட வேண்டும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் முன், பின் அச்சுகளின் எடை வரம்பும், அசல் டயரின் அளவும், காற்றழுத்தமும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு தெரியும். அதைக் குறித்துக்கொண்டு, வழக்கமாக ஏற்றும் சரக்குடன் வண்டியை எடை மேடையில் நிறுத்தி, ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே எடை போடுங்கள். டிரெய்லர் இழுப்பவர்கள் அதையும் மாட்டிக்கொண்டே எடை போட வேண்டும். பின்புறக் கொக்கியில் மாட்டும் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை வண்டியின் மேல் இறக்கும்.

அடுத்தது டயரின் பக்கச்சுவர். ‘எல்டி 245/75 ஆர் 17 121/118’ என்று இருந்தால், எல்டி என்பது இலகுரக டிரக் வகையையும், 17 என்பது ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கும். 121 என்பது ஒற்றைச் சக்கரமாக (அச்சின் ஒரு பக்கத்தில் ஒரே டயர்) ஓடும்போதும், 118 என்பது இரட்டைச் சக்கரமாக (ஒரு பக்கத்தில் இரண்டு டயர்கள்) ஓடும்போதும் உள்ள பளுக் குறியீடு. 121 என்றால் ஒரு டயருக்கு 1,450 கிலோ, 125 என்றால் 1,650 கிலோ. பின் அச்சின் வரம்பு 3,100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 121 குறியீடுள்ள இரண்டு டயர்கள் 2,900 கிலோவையே தாங்கும் என்பதால் போதாது. 125 குறியீடுள்ளவை 3,300 கிலோ தாங்கும். அதற்காக, வலுவான டயர் போட்டால் கூடுதல் சரக்கு ஏற்றலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அச்சு, ஸ்பிரிங், பிரேக் ஆகியவற்றின் வரம்பு டயரை மாற்றினாலும் மாறுவதில்லை.

பக்கச்சுவரில் ‘ஈ’ (E) வகுப்பு என்று இருந்தால் அது பத்து அடுக்குக்கு இணையான வலிமை. இவ்வகுப்பு டயர்களில் பெரும்பாலானவற்றுக்கு முழுப் பளுவைத் தாங்க 80 பிஎஸ்ஐ காற்று வேண்டும். அழுத்தம் குறையக் குறையத் தாங்கும் எடையும் குறையும்; காற்றுக் குறைந்த டயர் அதிகமாக வளைந்து சூடேறி வெடிக்கவும் கூடும்.

ரிம்மைப் பொறுத்தவரை, பாரம் ஏற்றுவதே முதன்மை வேலை என்றால் 18 அங்குலமே என் தேர்வு. 20 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் பொதுவாகக் குட்டையாகிவிடுவதால் குழியில் விழும்போது ரிம் அடிபடும் வாய்ப்பு அதிகம். 17 அங்குலத்துக்கு இறங்க நினைத்தால் பிரேக் காலிபரில் (பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) உரசுகிறதா என்று மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். டயரின் மொத்த விட்டமும் கவனத்துக்குரியது: 275/70 ஆர் 18 சுமார் 842 மில்லிமீட்டர், 275/65 ஆர் 20 சுமார் 866. முன்னதிலிருந்து பின்னதற்கு மாறினால் வேகமானி ஏறத்தாழ 3 சதவீதம் குறைத்துக் காட்டும்.

எட்டு போல்ட் என்பதால் எல்லா ரிம்மும் பொருந்திவிடாது. போல்ட் வட்டத்தின் விட்டம் ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டூட்டியில் 170 மில்லிமீட்டர். ராம் 2500-இல் 165.1, 2011 முதல் வந்த சில்வராடோ 2500 எச்டியில் 180. நடுத்துளையின் அளவையும் ஆஃப்செட்டையும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் உள்ள தூரம்) அவ்வாறே ஒப்பிட வேண்டும். பலர் பார்க்கத் தவறுவது ரிம்முக்கே உரிய பளு வரம்பை; பெரும்பாலும் அதன் பின்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் அந்த எண், அச்சு வரம்பில் பாதிக்குக் குறைந்தால், டயர் எவ்வளவு வலுவானதாயினும் அந்த ரிம்மை வாங்க வேண்டாம்.

டயரின் அளவு மாறிவிட்டால் கதவுச் சீட்டிலுள்ள காற்றழுத்தம் பொருந்தாமல் போகலாம். டயர் நிறுவனத்தின் பளு-அழுத்த அட்டவணையில் உங்கள் அச்சின் எடைக்கு உரிய அழுத்தத்தைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள்.