உயர்ந்த சாய்கூரை அறையைக் குளிர்விப்பதும் ஒளியூட்டுவதும்

முகடு வரை திறந்திருக்கும் சாய்கூரை அறைக்குள் நுழையும்போது மனம் விரிவது உண்மை. ஆனால் அங்கே குடியேறிய சில வாரங்களிலேயே, விசிறி ஓடியும் காற்று வரவில்லை, இத்தனை விளக்குகள் எரிந்தும் புத்தகம் படிக்க முடியவில்லை என்ற இரு குறைகளும் எழுந்துவிடுகின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மனிதர் புழங்குவது தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்துக்குள்தான். நாமோ விசிறியையும் விளக்கையும் பழக்கத்தால் கூரையோடு ஒட்டி மாட்டிவிட்டு, அவற்றின் பயன் அவ்வளவு தூரம் இறங்கி வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வெயில் சாயும் பிற்பகலில் ஒரு வெப்பமானியை நீண்ட கழியின் நுனியில் கட்டி, முகட்டுக்கு அருகே பத்து நிமிடம் பிடித்திருந்து, கீழே இறக்கியவுடன் அளவைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வெப்பமானியை நீங்கள் வழக்கமாக அமரும் நாற்காலியில் பத்து நிமிடம் வைத்து, அந்த அளவையும் குறியுங்கள். மேலே பல டிகிரி கூடுதலாக இருந்தால், உங்கள் தலைக்கு மேல் சூடான காற்று ஒரு தனி அடுக்காகத் தங்கியிருக்கிறது என்று பொருள். அந்த அடுக்கை வெளியே போகவிடுவது முதல் வழி. அது முடியாதபோது, அதைக் கலக்காமல் மேலேயே இருக்கவிடுவது இரண்டாவது வழி.

வெளியே அனுப்புவதற்குக் கூரையின் உயரமே துணை செய்கிறது. முகட்டை ஒட்டி ஒரு திறப்பும், நிழல் விழும் பக்கத்தில் தரைக்கு அருகே மற்றொரு திறப்பும் இருந்தால், சூடான காற்று மேலே வெளியேற, கீழிருந்து குளிர்ந்த காற்று தானாகவே உள்ளே வரும். இரண்டு திறப்புகளுக்கும் இடையிலான உயரம் இரட்டிப்பானால், மற்றவை மாறாதிருக்கும்போது, காற்றோட்டம் ஏறக்குறைய 1.4 மடங்காகும். ஆனால் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். ஆகவே, வெளியே அனல் வீசும் நடுப்பகலில் ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். அந்தி சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்ததும் மேலும் கீழும் திறந்து, விடியும் வரை அப்படியே விட்டுவிடுங்கள். மேல் ஜன்னலைத் திறந்து மூடக் கையெட்டும் இடத்தில் ஒரு சுழற்றுக் கைப்பிடியோ மோட்டாரோ பொருத்துவது இன்றியமையாதது, ஏனெனில் ஏணி வைத்து ஏறவேண்டிய ஜன்னலை ஒரு மாதத்துக்குப் பிறகு எவரும் திறப்பதில்லை.

விசிறியில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். நானும் முதலில் முகட்டுக் கொக்கியிலேயே குட்டை ராடு போட்டு மாட்டினேன். முழு வேகத்தில் ஓடியும், அதற்கு நேர் கீழே மேசை மேல் கிடந்த காகிதம்கூட அசையவில்லை. இறக்கைகள் தரையிலிருந்து 2.4 முதல் 2.7 மீட்டர் உயரத்தில் சுழலவேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் 2.1 மீட்டருக்குக் கீழே இறக்கக்கூடாது. முகடு 4.5 மீட்டர் உயரம், இறக்கைகள் 2.6 மீட்டரில் என்று வைத்தால், இறங்கவேண்டிய தூரம் 1.9 மீட்டர். அதில் விசிறியின் உடலும் மேல்மூடியும் எடுத்துக்கொள்ளும் 20 அல்லது 30 சென்டிமீட்டரைக் கழித்தால், தேவைப்படும் ராடின் நீளம் ஏறக்குறைய 1.6 மீட்டர் என்று வரும். இறக்கை நுனிக்கும் சாய்வான கூரைப் பரப்புக்கும் இடையே குறைந்தது 45 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். இல்லாவிட்டால் மேலிருந்து இழுக்கக் காற்று கிடைக்காமல் விசிறி திணறும்.

சாய்வான பரப்பிலேயே மாட்டவேண்டியிருந்தால், அந்தச் சாய்வுக்கு ஏற்ற தாங்கி தேவை. சாதாரணத் தாங்கி ஓரளவு சாய்வு வரைதான் ராடைச் செங்குத்தாகத் தொங்கவிடும். வாங்கும்போது கூரையின் சாய்வுக் கோணத்தை அளந்து சொல்லிக் கேளுங்கள். நீண்ட ராடு ஆடும் என்பதால் இறக்கைகள் சமநிலையில் இருப்பதையும், ராடின் இரு முனைகளிலும் திருகும், அது கழலாமல் தடுக்கும் ஊசியும் பூட்டப்பட்டிருப்பதையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கூரையின் உத்தரத்தோடு இணைத்து ஒரு பாதுகாப்புக் கம்பியும் கட்டச் சொல்லுங்கள். விசிறி குளிர்விப்பது உடலைத்தான், அறையை அல்ல; ஆள் இல்லாத அறையில் அது சுழல்வதால் எந்தப் பயனும் இல்லை.

ஏசி பொருத்துவோர், கூரை உயரம் என்றதும் காற்றின் கொள்ளளவைச் சொல்லிப் பெரிய இயந்திரத்தைப் பரிந்துரைப்பது வழக்கம். ஆனால் 100 கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 120 கிலோதான். ஈரப்பதத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அதை 10 டிகிரி குளிர்விக்க ஒரு டன் ஏசிக்கு, அதாவது 3.5 கிலோவாட் குளிர்விப்புத் திறனுக்கு, ஆறு நிமிடம் போதும். உண்மையான சுமை, நாள் முழுவதும் வெயிலில் காயும் கூரையும் கண்ணாடியும்தான். எனவே கூரையின் வெப்பக்காப்புக்கும், வெளிப்பரப்பில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சுக்கும், கூரைக் கண்ணாடிக்கு வெளிப்புறமாக அமையும் நிழலுக்கும் முதலில் செலவிடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே தொங்கும் திரை, வெப்பம் உள்ளே வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறது என்பதால், அதன் பயன் வெளி நிழலைவிடக் குறைவு.

ஏசியின் உட்பகுதியை 2.2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் மாட்டினால் போதும். குளிர்ந்த காற்று கனமானது, தானே இறங்கும். ஏசி ஓடும்போது விசிறியை மெதுவான வேகத்தில் மட்டும் வையுங்கள், வேகமாக ஓடினால் மேலே தங்கியிருக்கும் வெப்பத்தையும் கீழே இழுத்துவிடும். மேல் ஜன்னல்கள் இறுக்கமாக மூடியிருக்கட்டும். உள்ளே குளிர்ந்திருக்கும்போது காற்றோட்டம் தலைகீழாகி, குளிர்காற்று கீழ் இடுக்குகள் வழியாக வழிந்து போக, மேலிருந்து வெளி வெப்பம் உள்ளே இறங்கும்.

இனி ஒளி. விளக்குக்கும் படிக்கும் பக்கத்துக்கும் இடையிலான தூரம் இரட்டிப்பானால், பக்கத்தில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. முகட்டில் மாட்டிய விளக்கின் வாட்டைக் கூட்டிக்கொண்டே போனாலும் அறை மங்கலாகவே தெரிவது இதனால்தான். வேலைக்கான விளக்கைக் கீழே கொண்டுவாருங்கள்: உணவு மேசைக்கு மேல், பலகையிலிருந்து 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தொங்கு விளக்கு, நாற்காலியின் தோளருகே ஒரு நிலை விளக்கு, சுவரில் கண் மட்டத்துக்குச் சற்று மேலே மறைப்புள்ள சுவர் விளக்குகள். படிப்பதற்குப் பக்கத்தின் மேல் 300 முதல் 500 லக்ஸ் (பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு) ஒளி விழுந்தால் கண் களைக்காது.

மேலே முழு இருட்டாக விட்டாலும் அறை குகை போலாகிவிடும். சுவரின் மேல் விளிம்பில் மறைத்து வைத்த எல்இடி பட்டை, கூரையை நோக்கி ஒளியை அனுப்பட்டும். வெள்ளைக் கூரை தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். கருமையான மரப்பலகை அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மரக்கூரை உள்ளவர்கள் இந்த முறையை அழகுக்காக மட்டும் வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கீழ் விளக்குகளையே நம்பவேண்டும்.

உயரத்திலிருந்தே ஒளி பாய்ச்சவேண்டுமானால் கற்றைக் கோணத்தை, அதாவது விளக்கிலிருந்து ஒளி விரியும் கோணத்தைப் பாருங்கள். 4 மீட்டர் தூரத்தில், 24 டிகிரி கற்றை ஏறக்குறைய 1.7 மீட்டர் அகல வட்டத்தையும், 36 டிகிரி கற்றை 2.6 மீட்டர் வட்டத்தையும் தரும். சாய்கூரைக்குள் பதிக்கும் விளக்கு நேர் கீழே பார்க்காமல், எதிரே அமர்ந்திருப்பவரின் கண்ணைப் பார்க்கும்; ஆகவே திருப்பிச் சரிசெய்யக்கூடிய வகையையே வாங்குங்கள். அதிலும், கூரையைத் துளைத்துப் பதிப்பதைவிட மேற்பரப்பில் மாட்டுவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் ஒவ்வொரு துளையும் வெப்பக்காப்பில் விழும் ஓட்டை. விளக்கின் நிறம் 2700 முதல் 3000 கெல்வினுக்குள், அதாவது மஞ்சள் கலந்த வெண்மையாக இருந்தால் மாலைநேர அறைக்கு இதமாக இருக்கும். விசிறி இறக்கைக்கு மேல் எந்த விளக்கையும் வைக்காதீர்கள். சுழலும் நிழல் அறை முழுவதும் துடித்துத் தலைவலியைக் கொண்டுவரும்.

மேல் விளக்கு, சுவர் விளக்கு, தொங்கு விளக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனி சுவிட்சும், மேல் விளக்குக்கு ஒளிகுறைப்பானும் கேட்டுப் பெறுங்கள். எல்இடி பட்டைக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பழுதாகும் நாள் ஒன்று வரும் என்பதால், அதைக் கையெட்டும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டிய சாரத்தைப் பிரிக்க உடனே சம்மதிக்க வேண்டாம். விசிறியை முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள். இருட்டிய பிறகு எல்லா விளக்குகளையும் ஏற்றி, ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்து, கண் கூசுகிறதா, உங்கள் நிழலே பக்கத்தின் மேல் விழுகிறதா என்று சோதித்து, திருத்தவேண்டியதைத் திருத்திய பிறகே பிரிக்கச் சொல்லுங்கள்.