‘லேட்’ என்ற சொல்லில் சறுக்கும் இடங்கள்

பத்திரங்களை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கடினமான சட்டச் சொற்களுக்குத்தான் அகராதியைப் புரட்டுகிறார்கள். ‘லேட்’ தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போய், ஒருவர் மாற்றி ஒருவர் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தாமதம் என்றும் இறந்துபோன என்றும் இரண்டு பொருள் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

உயிரோடு இருப்பவரை இறந்தவராக்குவது

‘லேட் கந்தசாமி மகன் முருகன்’ என்று எழுதுவது நம் பத்திர வழக்கம். இறந்தவர் அப்பா கந்தசாமி. ஆங்கிலத்தில் மகன் பெயர் முன்னால் வரும், அப்பா பெயர் பின்னால் போகும், லேட்டும் அப்பாவோடு சேர்ந்து போக வேண்டும்: ‘முருகன், சன் ஆஃப் லேட் கந்தசாமி’. புதியவர்கள் பெயர்களை மட்டும் இடம் மாற்றிவிட்டு லேட்டை வரியின் தலையிலேயே விட்டுவிடுகிறார்கள். ‘லேட் முருகன், சன் ஆஃப் கந்தசாமி’ என்று ஆகிவிடுகிறது.

என்னிடம் திருத்த வந்த ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அண்ணன் தம்பி எல்லாருக்கும் இப்படியே ஆகியிருந்தது. வங்கிக் கடனுக்காக அதைப் படித்த வக்கீல், இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்டுவிட்டார். மூத்தவர் ஆதார் அட்டையோடு நேரில் போய் நின்றும், காகிதம் திருந்தும்வரை கடன் நகரவில்லை. தமிழ் மூலத்தில் ஒரு பிழைகூடக் கிடையாது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, இவர் இருக்கிறாரா இல்லையா என்று மூலத்தோடு ஒத்துப் பாருங்கள்.

அப்புறம், ‘லேட் முத்தையா மகன் கந்தசாமி மகன் முருகன்’ என்று வந்தால் இறந்தது தாத்தா மட்டுமா, அப்பாவுமா? ஊகிக்காதீர்கள், கட்சிக்காரரைக் கேளுங்கள்.

‘லேட் ஆஃப்’

இங்கிலாந்து உயில், சொத்து அறிவிப்புகளில் இதன் பின்னால் ஒரு முகவரி வரும். இறந்தவர் கடைசியாகக் குடியிருந்த இடம் அது. இறப்பைச் சொல்ல ‘டிசீஸ்டு’ என்று தனியாகவே இருக்கும்.

‘லேட் 1990ஸ்’

1990களின் பிற்பகுதி.

‘லேட்லி’

அண்மைக்காலமாக. தாமதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நீங்களாக லேட் சேர்ப்பது

1960இல் எழுதிய பத்திரத்தில் உயிரோடு வருகிறவர் இன்று இல்லை என்று வீட்டார் சொல்வார்கள், மரியாதைக்கு லேட் போடச் சொல்லியும் கேட்பார்கள். போடக்கூடாது. அன்று அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.