தும்மலுக்குக் காரணம் நாய்தானா? மலையில் நாய் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலர்ஜி உள்ளவர் நாய் வளர்க்கிறேன் என்று சொன்னதும் கிடைக்கும் முதல் அறிவுரை, "வெளியே கட்டிப் போடுங்க" என்பதுதான். சமவெளியில் இருப்பவர்களுக்கு அது சரி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் ராத்திரியில் நாயை வெளியே கட்டினால், சிறுத்தைக்கு இலை போட்டு வைத்த மாதிரிதான். சிறுத்தை எட்டிப் பார்க்காத தெருவாகவே இருந்தாலும் ஜனவரிக் குளிரில் எந்த நாயையும் வாசலில் விட மனசு வராது. அதனால் இங்கே நாய் என்றாலே வீட்டுக்குள் நாய்தான். மூக்கு ஒழுகுகிறவரும் அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

நடத்தலாம். நான் பல வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். புதிதாக நாய் வாங்குகிறவர்கள், ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடிப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நாயைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது என்பது போன்றவை உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊருக்குப் போய் வந்து நாய்க்குத் தீர்ப்பு எழுதுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இந்தத் தவறுதான். இது இரண்டு விதமாக நடக்கும்.

முதல் விதம். அருவங்காட்டில் ஒரு தம்பி, லாப்ரடார் வைத்திருந்தார். போன் பண்ணினார்: "அக்கா, கோயமுத்தூர்ல மாமியார் வீட்டுல பத்து நாள் இருந்தேன். ஒரு தும்மல் இல்ல. வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரியே ஆரம்பிச்சிடுச்சு. நாய்தான்க்கா." அடுத்த வாரமே நாயைத் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

தும்மல் நிற்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு காற்றுச் சுத்திகரிப்பான், புது மெத்தை, இரண்டு டாக்டர்கள் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது கட்டிலைச் சற்று நகர்த்தச் சொன்னேன். தலைமாட்டுச் சுவரில், தலையணை உயரத்துக்குக் கருப்புப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாகப் பூத்திருந்தன. பீரோவைத் திறந்தால் தோல் பெல்ட்டின் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம், விரலால் தொட்டால் பொடியாக எழும்பியது. ஜன்னல் ஜூனில் சாத்தியது, அப்புறம் திறக்கவே இல்லையாம்.

கோயம்புத்தூருக்கு இறங்கியபோது அவர் நாயை மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை. அந்தச் சுவரை, அந்த மெத்தையை, ஈரம் ஏறிய கம்பளியை, சாத்திய ஜன்னலை, குளிர்காற்றை, எல்லாவற்றையும் சேர்த்தே விட்டுப் போனார். இத்தனையில் எது காரணம் என்று அந்தப் பத்து நாள் எப்படிச் சொல்லும்? கடைசியில் சோதனை செய்தபோது தூசி உண்ணிக்கும் (மெத்தை, கம்பளித் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி) பூசணத்துக்கும்தான் அலர்ஜி என்று வந்தது, நாய்க்கு இல்லை. அதற்குள் நாயை வாங்கியவர் அதை வேறொருவருக்குக் கைமாற்றியிருந்தார். அந்த ஆள் கூடலூர்ப் பக்கம் குடிபோய்விட்டார். திருப்பிக் கேட்கக்கூட வழியில்லை.

இரண்டாவது விதம் இதற்கு நேர் எதிர். கேத்தியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், நாயை ஒரு வாரம் மேட்டுப்பாளையத்தில் தம்பி வீட்டில் விட்டுப் பார்த்தார். மூக்கடைப்பு அப்படியே இருந்தது. "பாவம், வாயில்லா ஜீவன் மேல பழி போட்டுட்டேன்" என்று திரும்பக் கூட்டிவந்து, பிராயச்சித்தமாகக் கட்டிலிலேயே படுக்க வைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் இளைப்பு வந்துவிட்டது. சோதனையில் தெரிந்தது, அவருக்கு ஆகாதது நாய்தான். நாய் போனாலும் அதன் பொடுகும் காய்ந்த எச்சிலும் சோபாவிலும் கம்பளத்திலும் மெத்தையிலும் மாதக்கணக்கில் இருக்கும். ஒரு வாரத்தில் எதுவும் தெரியாது.

இதற்கு மேல் மலைக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. "மலைக்காற்று சுத்தம், இங்கே தூசி உண்ணி வராது" என்று பலரும் நம்புகிறார்கள். ஐரோப்பாவில் ஆஸ்துமாக்காரர்களை ஆல்ப்ஸ் மலைக்கு, சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் டாவோஸ் போன்ற ஊர்களுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு; அங்கே தூசி உண்ணி குறைவு. ஆனால் அதற்குக் காரணம் உயரம் அல்ல, அந்தக் காற்றின் வறட்சி. தூசி உண்ணி தண்ணீர் குடிக்காது. காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் பிழைக்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நிலையாக இருந்தால் தாக்குப்பிடிக்காது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், டாவோஸைவிட உயரம்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறி நனைக்கிற ஊரில் எந்த மாதம் காற்று காய்ந்து கிடக்கிறது?

சரி, என்னதான் செய்வது? முதலில் சோதனை. தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனை ஒன்று, குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ (அலர்ஜியின்போது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இன்னொன்று. தோல் சோதனைக்குப் போகும் முன் செட்டிரிசின் மாதிரியான அலர்ஜி மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார்கள். இது தெரியாமல் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு கோவைக்கு பஸ் ஏறி, சும்மா திரும்பி வந்தவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. சிலர் "மொத்த ஐஜிஇ" மட்டும் எடுத்து, எண் அதிகம் என்று பயந்து நாயைப் பார்ப்பார்கள். மொத்த ஐஜிஇ வயிற்றில் புழு இருந்தாலும் ஏறும். எது ஆகவில்லை என்று அது சொல்லாது. சோதனையில் வந்ததை உங்கள் தொந்தரவோடு சேர்த்துப் பார்த்து டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே சில துப்புகள் கிடைக்கும். நாய் நக்கிய இடத்தில் கொஞ்ச நேரத்தில் தடிப்பு எழும்பினால் நாயைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. போர்வையை உதறும்போதும் பழைய பீரோவைத் திறக்கும்போதும் தும்மல் வெடித்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். "மழைக்காலத்தில்தான் அதிகம், ஆகவே பூசணம்தான்" என்று உடனே முடிவு கட்டிவிடவும் கூடாது. மழைக்காலத்தில் நாயும் நாமும் சாத்திய வீட்டுக்குள் நாள் முழுக்க ஒன்றாக அடைந்து கிடக்கிறோமே, அதுவும் கணக்கில் வரும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மானி கிடைக்கிறது. நாய்க்குத் தீர்ப்பு எழுதும் முன் அதை வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள்.

"அலர்ஜி வராத ஜாதி" என்று கேட்டு வாங்குவது

ஷிட்சு, பூடில், லாப்ரடூடில். விலையைச் சொல்லும் முன்பே விற்பவர் இதைச் சொல்லிவிடுவார்: "முடி கொட்டாதுங்க, அலர்ஜியே வராது." முடி கொட்டாது என்பது கிட்டத்தட்ட உண்மை. அலர்ஜி முடியால் வருவதில்லை என்பதுதான் சிக்கல். நாயின் எச்சில், பொடுகு, சிறுநீர் ஆகியவற்றில் இருக்கும் புரதங்களால்தான் வருகிறது. கேன் எஃப் 1 என்பது அவற்றில் முக்கியமானது. 2012இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் "அலர்ஜி வராத" நாய்களின் ரோமத்தை மற்ற நாய்களுடையதோடு ஒப்பிட்டார்கள். கேன் எஃப் 1 குறைவாக இல்லை; கூடுதலாகவே இருந்தது. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்காவில் வீட்டுத் தூசியை எடுத்துப் பார்த்தபோதும் "அலர்ஜி வராத" நாய் இருந்த வீட்டுக்கும் மற்ற நாய் இருந்த வீட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

லாப்ரடூடில் பிறந்த கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது, அவர் கணவருக்கோ நாய் அலர்ஜி. 1989இல் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய் சங்கத்தில் இருந்த வாலி கான்ரன் என்பவர் லாப்ரடாரையும் பூடிலையும் இணை சேர்த்தார். பிறந்தவை மூன்று குட்டிகள். ரோமத்தையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி. ஒரே ஈற்றில் பிறந்த மூன்றிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஜாதிப் பெயருக்குப் பணம் கொடுத்து என்ன பயன்? பின்னாளில் கான்ரனே, அந்தக் கலப்பை ஆரம்பித்து வைத்ததற்காக வருத்தப்பட்டார்.

நம் ஊர் நம்பிக்கை ஒன்றும் இருக்கிறது: "சிப்பிப்பாறைக்கு முடியே கம்மி, ஒண்ணும் பண்ணாது." முடி கம்மிதான், தோல் இருக்கிறதே. மெல்லிய தோலும் குட்டை ரோமமும் கொண்ட அது மலைக்குளிர் தாங்காமல் உங்கள் கம்பளிக்குள்தான் வந்து படுக்கும்.

வாங்கப் போகும் அதே நாயோடு, சாத்திய அறையில் சில தடவை நேரம் செலவழித்துப் பாருங்கள். நிச்சயமான சோதனை இல்லைதான், ஆனாலும் ஜாதிப் பெயரைவிட நம்பகமானது. இன்னொரு விஷயம்: ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் கேன் எஃப் 5 என்ற புரதம் மட்டுமே ஆகாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். சோதனையில் அப்படி வந்தால் பெண் நாயோ, கருத்தடை செய்த ஆண் நாயோ ஒத்துப்போக நல்ல வாய்ப்பு உண்டு.

படுக்கையறையில் நாய்

கூடாது. குளிர்கிறது என்றாலும் கூடாது. ஹாலில் மெத்தை போட்டுக் கொடுங்கள்.

நாய் வாடைக்குச் சாம்பிராணி போடுவது

மூக்கு ஏற்கனவே புண்ணாக இருக்கும்போது புகை எதற்கு?

மாதம் ஒரு முறை குளிப்பாட்டிவிட்டு நிம்மதி அடைவது

குளிப்பாட்டினால் ரோமத்தில் உள்ள புரதம் குறையும். ஆனால் மூன்று நாளில் பழைய அளவுக்கு ஏறிவிடும். பலன் வேண்டுமென்றால் வாரத்துக்கு இரண்டு தடவையாவது குளிப்பாட்ட வேண்டும். சென்னையில் அது முடியும். ஊட்டியில் ஜூலை மாதம் வாரம் இரண்டு முறை குளிப்பாட்டினால் நாய் சரியாகக் காயாது, அடிரோமத்தில் ஈரம் தங்கி நாய்க்கே தோல் வியாதி வரும். அப்புறம் அது சொறிந்து சொறிந்து இன்னும் அதிகமாகப் பொடுகு உதிர்க்கும்.

நான் செய்வது: வெயில் இருக்கும் நாட்களில் மட்டும் குளியல், வெந்நீரில். மற்ற நாட்களில் வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியால் துடைத்துவிடுவதோடு சரி. சீவுவது வாசலில்தான், அதுவும் வீட்டில் அலர்ஜி இல்லாதவர் கையால். வேறு ஆள் இல்லையென்றால் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மேய்ச்சல் புல்லில் புரண்டுவிட்டு வரும் நாளில் அதன் மேல் மகரந்தமும் சேர்ந்து வரும். அன்றைக்குத் துடைக்காமல் உள்ளே விடாதீர்கள்.

காய்ந்த துடைப்பத்தால் பெருக்குவது

பழைய பங்களா வீடுகளின் மரத்தரையில் இது மகா மோசம். பலகை இடுக்கில் இருந்ததெல்லாம் மேலே எழும்பும். நாயின் அலர்ஜித் துகளில் ஒரு பகுதி மிக நுண்ணியது, சீக்கிரம் கீழே இறங்காது. ஈரத்துணியால் துடையுங்கள். வாக்குவம் கிளீனர் வாங்கினால் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக வாங்குங்கள். இல்லாதது ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் ஊதும். ஹெப்பா 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். கம்பளம் இருந்தால் சுருட்டிப் பரணில் போடுங்கள். போர்வை, தலையணை உறைகளை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் தூசி உண்ணியும் சாகும்.

மூக்கடைப்புச் சொட்டு மருந்தோடு வாழ்வது

மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற சொட்டு மருந்து, போட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். பழியோ நாய் மேல். டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு ரகம். அது முழுப் பலன் காட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும், தினமும் அடிக்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு "கேக்கல" என்று தூக்கிப் போடுகிறவர்களுக்கு அந்த நேரம்தான் போதவில்லை.

இளைப்பையும் தும்மல் கணக்கில் சேர்ப்பது

தும்மலும் கண் அரிப்பும் தொல்லை. ராத்திரி நெஞ்சு இறுகுவதும் விசில் சத்தத்தோடு மூச்சு வாங்குவதும் தொல்லையோடு நிற்காது. அப்படி இருந்தால் மேலே சொன்ன பரிசோதனை, துப்பறிதல் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள். தினமும் இழுக்கச் சொன்ன இன்ஹேலரை, நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை இழுப்பதால்தான் நன்றாக இருக்கிறது. மருந்து ஒழுங்காக எடுத்தும் ஆஸ்துமா அடங்காமல், சோதனையிலும் நாய்தான் என்று வந்துவிட்டால், அப்போது நாய்க்கு நல்ல வீடு தேடுவது பற்றி யோசிக்கலாம். அந்த வரிசையில் யோசியுங்கள்.

எஸ்டேட் பக்கம் இருப்பவர்கள் அவசரத்துக்கான இன்ஹேலரை எப்போதும் கையில் வைத்திருங்கள். மூடுபனியில் நடுராத்திரி வண்டி கிடைத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். மிச்சம் எத்தனை டோஸ் என்று காட்டாத இன்ஹேலராக இருந்தால், திறந்த தேதியை ஒரு பிளாஸ்திரியில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள்.